அப்பாவின் எச்எம்டி ஜனதாவும் வால்வு ரேடியோவும்: டயலை மாற்றலாமா, ரேடியோவைப் போட்டுப் பார்க்கலாமா?

அரசலாறு எழுதியது:

வணக்கம். இரண்டு பொருள்களைப் பற்றி ஒரே இழையில் கேட்கிறேன். இரண்டும் ஒரே பீரோவிலிருந்து வந்தவை, அதனால்தான்.

அப்பா போன மாசியில் தவறிவிட்டார். அரசு பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டர். அவருடைய கைக்கடிகாரம் எச்எம்டி ஜனதா, சாவி கொடுக்கிற வகை. 1974-ல் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் போட்டது. டயலில் 'ஜனதா' என்று இந்தியில் எழுதியிருக்கிறது. வெள்ளையாக இருந்த டயல் இப்போது பழைய கல்யாணப் பத்திரிகை நிறத்துக்கு வந்துவிட்டது. 4-க்கும் 5-க்கும் நடுவில் மிளகு அளவில் ஒரு பழுப்புக் கறை. கண்ணாடியில் கீறல்கள் எல்லாம் இடதுபக்கம் மட்டும். டிக்கெட் பையின் பக்கிள் உரசி உரசி வந்தது என்று அம்மா சொல்கிறார். ரிட்டயர் ஆன பிறகு அவர் பேட்டரி வாட்சுக்கு மாறிவிட்டார். அதிலிருந்து இது ஒரு பிஸ்கட் டப்பாவில், அவருடைய பேட்ஜ், விசில், ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு பழைய ஸ்பீக்கர் இவற்றோடு கிடந்தது. சாவி கொடுத்தேன், உடனே ஓடியது. ஆனால் ஒரு நாளில் 20 நிமிடம் முந்திப் போகிறது.

இன்னொன்று பிலிப்ஸ் வால்வு ரேடியோ. மரப்பெட்டி, முன்னால் ஒரு பச்சைக் கண் எரியும், சின்ன வயதில் பார்த்த ஞாபகம். இருபது வருஷத்துக்கு மேல் போடவில்லை. பின் அட்டையைக் கழற்றினால் பல்லி முட்டை, ஒட்டடை, ஒரு ஓரத்தில் தபால் ஆபீஸ் முத்திரையோடு ரேடியோ லைசென்ஸ் புத்தகம்.

எங்கள் ஊர் வாட்ச் கடையில் "டயலுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்து, முள், கேஸ் எல்லாம் மாற்றி 1,200 ரூபாய்க்குப் புதுசு போலத் தருகிறேன்" என்கிறார். ரேடியோ கடைக்காரர் "உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு ப்ளூடூத் போர்டு போட்டுவிடலாம், வெளியே பழசு, உள்ளே புதுசு" என்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு வழி என்ன என்றும் தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோவை ஒருமுறை ப்ளக்கில் சொருகிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

---

பழசுபிரியன் எழுதியது:

சகோ, வாட்ச் கட்டிக்கொள்ளத்தானே? நான் என் தாத்தாவின் வாட்சுக்கு டயல் அடித்து வாங்கினேன். பளபளவென்று இருக்கிறது, தினமும் கட்டுகிறேன். கறையோடு பெட்டியில் வைத்துப் பார்ப்பதைவிட அது மேல். ரேடியோவைப் பற்றி எனக்குத் தெரியாது.

---

மீடியம்வேவ் எழுதியது:

தம்பி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவை ப்ளக்கில் சொருகாதீர்கள். சும்மா ஒரு நிமிடம் கூட வேண்டாம். காரணம் கீழே சொல்கிறேன்.

நான் திருச்சி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் ஒன்பது வால்வு ரேடியோ, பதினாலு சாவி வாட்ச். எல்லாம் ஓடுகிறது, எல்லாம் பாடுகிறது. இத்தனை வருஷத்தில் நான் பிடித்துக்கொண்ட வழக்கம் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிகிற முகத்தைத் தொடமாட்டேன். உள்ளே வேலை செய்து களைத்துப்போன பாகத்தைத் தயங்காமல் மாற்றுவேன். உங்களிடம் பேசிய இரண்டு பேரில் ஒருவர் வாட்சின் முகத்தை அழிக்கச் சொல்கிறார், இன்னொருவர் ரேடியோவின் உயிரை எடுக்கச் சொல்கிறார். இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாட்சுக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்தில்தான் உங்கள் 20 நிமிடம் ஒளிந்திருக்கிறது. வாட்சும் ஸ்பீக்கரும் ஒரே டப்பாவில் கிடந்தன என்றீர்களே, அதுதான். ஸ்பீக்கரின் பின்னால் இருப்பது நல்ல காந்தம். வாட்சுக்குள் இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கிற பாலன்ஸ் சக்கரத்தோடு முடியைவிட மெல்லிய ஒரு சுருள் இருக்கிறது, ஹேர் ஸ்பிரிங் என்போம். அதில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், பாலன்ஸ் வேகமாக ஆடும். இந்த வாட்ச் மணிக்கு 18,000 தட்டு தட்டுவது, அதாவது நொடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000. எண்ணெய் காய்ந்த வாட்ச் பெரும்பாலும் பின்தங்கும் அல்லது நின்று நின்று ஓடும். இப்படி நாளுக்கு இருபது நிமிடம் முந்தினால் நான் முதலில் சந்தேகப்படுவது காந்தத்தைத்தான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஸ்டேஷனரி கடையில் சின்னத் திசைகாட்டி கிடைக்கும். (காம்பஸ் என்று கேட்டால் வட்டம் போடுகிறதை எடுத்துக் கொடுப்பார்கள், திசை பார்க்கிறது என்று சொல்லிக் கேளுங்கள்.) அதை மேஜையில் வைத்து, முள் அடங்கியதும் வாட்சை மெதுவாக அதன் பக்கத்தில் கொண்டு போங்கள். ஓடுகிற வாட்சில் காந்தம் ஏறியிருந்தால் திசைகாட்டி முள் சும்மா திரும்பாது, பாலன்ஸின் ஆட்டத்துக்கு ஏற்ப நடுங்கும். பார்த்தால் உங்களுக்கே புரியும். வாட்ச் ரிப்பேர் செய்கிறவரிடம் காந்தம் இறக்குகிற சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே ஒரு காயில்தான், ஏசி கரண்ட் பாயும். வாட்சை அதன் மேல் வைத்து பட்டனை அழுத்தி, அழுத்தியபடியே கை நீளத்துக்கு மெதுவாக விலக்கிக்கொண்டு போய், அப்புறம்தான் பட்டனை விட வேண்டும். பக்கத்தில் வைத்தே விட்டால் மறுபடி காந்தம் ஏறிவிடும். வேலை அரை நிமிடம். ஸ்பீக்கரைத் தூக்கி வேறு அறையில் வையுங்கள், ஆனால் தூக்கிப் போடாதீர்கள்.

டயல். 28 வயதில் என் தாய்மாமா வாட்சுக்கு நானும் டயல் அடித்து வாங்கினேன். கடையிலிருந்து வாங்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எழுத்துகள் தடித்துப் பிசிறடித்திருந்தன. நிமிடக் கோடுகள் 12-க்கு நேரே சேரவில்லை. மாமா தூங்கப் போகுமுன் சாவி கொடுத்துக்கொண்டே பார்த்த முகம் அது இல்லை. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுசை அடிப்பார்கள், ஆகவே திரும்பப் பெற வழியே கிடையாது. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது வருத்தம்தான். ஆன்லைனில் கிளிப்பச்சையும் ஆரஞ்சுமாக விற்கிற எச்எம்டிகளில் பெரும்பாலானவை இப்படி அடித்தவைதான்.

எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கியது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. அப்புறம் துமகூரு, ஸ்ரீநகர், ராணிபாக் என்று ஆலைகள் வந்தன. பெங்களூரில் சொந்தக்காரர் இருந்தால் சொல்லிவைத்து வாங்கிய காலம் ஒன்று இருந்தது, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அந்த இந்தி எழுத்து டயலைச் சுரண்டிவிட்டால் அதே போல இன்னொன்றை யார் செய்து தருவார்கள்?

பழசுபிரியன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாட்ச் கட்டத்தான். ஆனால் கறை இருந்தாலும் கட்டலாமே. அந்த இடத்தைப் பாருங்கள், 4-க்கும் 5-க்கும் நடுவில். சாவி இருப்பது 3-ல். சாவி வழியாக வியர்வை உள்ளே இறங்கி, கை தொங்கும் பக்கமாக வழிந்து நின்ற இடம் அது. சித்திரை வெயிலில் கூட்டம் நெரியும் பஸ்ஸில் நின்றவருடைய வியர்வை. அதைப் பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டுமா?

கண்ணாடி வேறு விஷயம். அது கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக். வெள்ளைப் பற்பசையை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு, வட்டமாகப் பத்து நிமிடம் தேய்த்தால் முக்கால்வாசிக் கீறல் போய்விடும். ஓரத்தில் தண்ணீர் படக்கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஆழமான கீறலை விட்டுவிடுங்கள்.

இப்போது ரேடியோ. இதில் பாசம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது, அது கண்டென்சர் என்கிற சின்ன மின் பாகம். வால்வுகள் ஐம்பது அறுபது வருஷம் ஆனாலும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அந்தக் காலத்து மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் அப்படி அல்ல, ஈரம் குடித்துக் கசிய ஆரம்பிக்கும். அவற்றில் ஒன்று கடைசி வால்வுக்கு முன்னால் நிற்கிறது. முந்தைய வால்வின் உயர் வோல்ட் டிசி கரண்டைத் தடுத்து, பாட்டை மட்டும் அனுப்ப வேண்டியது அதன் வேலை. அது கசிந்தால் கடைசி வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். உள்ளே இருக்கும் தகடு செக்கச் செவேலென்று பழுக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரியும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு செட்டைத் தூசி மட்டும் தட்டிவிட்டு நேராக ப்ளக்கில் போட்டேன். நன்றாகப் பாடியது. பத்தாவது நிமிடம் மெழுகு உருகுகிற வாசனை வந்தது. ஓடிப்போய் அணைப்பதற்குள் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. ஆகவே 'போட்டதும் பாடுகிறது, அதனால் நல்ல செட்' என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய அலுமினியக் கண்டென்சரும் இத்தனை வருஷத்தில் காய்ந்திருக்கும். அது காய்ந்தால் பாட்டுக்கு அடியில் உம்ம்ம் என்று ஓர் இரைச்சல் நிற்காமல் வரும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ப்ளக் சொருகாமல், பின்னாலிருந்து டார்ச் அடித்து வால்வுகளின் மேல் எழுதியிருப்பதைப் படித்து இங்கே எழுதுங்கள். முதல் ஆங்கில எழுத்து 'ஈ'யா, 'யு'வா? 'ஈ' என்றால் பெரும்பாலும் உள்ளே மெயின் டிரான்ஸ்பார்மர் இருக்கும். 'யு' என்றால் பெரும்பாலும் அது இருக்காது. மெயின் லைனின் ஒரு முனை இரும்புச் சட்டத்தோடு நேராகவே சேர்ந்திருக்கும். ப்ளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட். குமிழ் கழன்ற இடத்தில் வெறும் ஸ்குரூவைத் தொட்டாலே போதும். அப்படிப்பட்ட செட்டைத் தெரிந்தவர் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: காகிதக் கண்டென்சர் எல்லாவற்றையும் 630 வோல்ட் பிலிம் கண்டென்சராக மாற்றுங்கள். அலுமினியக் கண்டென்சருக்கு அதே அளவில் புதுசு போடுங்கள், பழைய டப்பாவின் இணைப்பைக் கழற்றி அதை இடத்திலேயே விட்டுவிட்டு, புதுசை அடியில் கோர்த்தால் போதும். முதல் தடவை 60 வாட் குண்டு பல்பை சீரீஸில், அதாவது செட்டுக்குக் கரண்ட் அதன் வழியாகவே போகும்படி போட்டு எழுப்புங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட்.

கடைசியாக, ஸ்டேஷன் பெயர்கள் எழுதிய டயல் கண்ணாடியை யாரும் ஸ்பிரிட்டோ சோப்போ போட்டுத் துடைக்க விடாதீர்கள். எழுத்து பின்பக்கம் அச்சடித்தது, ஒரே துடைப்பில் ஊர்கள் எல்லாம் துணியோடு வந்துவிடும். எழுத்து இல்லாத முன்பக்கத்தை மட்டும், அதுவும் காய்ந்த துணியால்.

---

சின்னமுள் எழுதியது:

மீடியம்வேவ் ஐயா டயலைப் பற்றி எழுதியதைப் படித்தபோது என் அப்பா பேசுவது போலவே இருந்தது. கோயம்புத்தூரில் அப்பாவுக்கு ஒற்றை மேஜை வாட்ச் கடை இருந்தது, பள்ளி விட்டதும் அங்கேதான் இருப்பேன். இப்போது அந்த மேஜையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அரசலாறு அண்ணா, காந்தம் இறங்கி நேரம் சரியாகிவிட்டாலும் சர்வீஸ் செய்யாமல் தினமும் கட்டாதீர்கள். இத்தனை வருஷம் கிடந்த எண்ணெய் இப்போது பிசினாக இருக்கும். அதில் தூசி சேர்ந்து, அச்சு முனைகளை உப்புக்காகிதம் போலத் தேய்க்கும். வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், உள்ளே தேய்வது தெரியாது.

கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுசாகக் கழற்றுவீர்களா?" சில கடைகளில் இயந்திரத்தை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, காற்று அடித்து, மேலே எண்ணெய் விட்டுக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு மாதம் ஓடும். அப்பா ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, கண்ணாடிக் கிண்ணத்தில் கழுவி, அச்சு உட்காரும் கல்லின் ஓட்டையைக் குச்சி முனையால் சுற்றிச் சுத்தம் செய்வார். உங்கள் வாட்சில் 17 கல் இருக்கிறது. எண்ணெய் என்று சொல்வது கடுகில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. ஊசி முனையில் தொட்டு வைத்தால் கல்லின் குழிவில் மெல்லிய ஒரு வளையம் தெரியும், அவ்வளவுதான். அது வழிந்தால் தவறு. பாலெட் என்கிற சின்னக் கவையின் அச்சில் எண்ணெயே வைக்கக் கூடாது, வைத்தால் அதன் ஆட்டம் சோம்பிப் போகும். இது தெரிந்தவரா என்று பேச்சுக் கொடுத்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

"ஓவர் சாவி கொடுத்து வாட்ச் நின்றுவிட்டது" என்று வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். அப்படி ஒன்று இல்லை. தினமும் ஒரே நேரத்தில், மெதுவாக, கை தட்டுப்படும் வரை சாவி கொடுங்கள். தட்டுப்பட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் முறுக்க வேண்டாம். முழுச் சாவியில் நின்றுபோவது பெரும்பாலும் காய்ந்த எண்ணெயால்தான்.

டயலைக் கழற்றும்போது தண்ணீரோ, எச்சிலோ, எதுவும் அதன் மேல் படக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். தூசியை ஊதும் பந்தால் ஊதினால் போதும். கறையைத் துடைக்கிறேன் என்று பஞ்சை எடுத்தால் 'ஜனதா' போய்விடும். சாவிக்குள் ரப்பர் வளையம் இருந்தால் அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், புது வியர்வை உள்ளே போவது குறையும். சாவி பழசாகவே இருக்கட்டும்.

---

அரசலாறு எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

திசைகாட்டி 60 ரூபாய். ஐயா சொன்ன மாதிரியே முள் நடுங்கியது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் நம்பாமல் நாலு தடவை திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தான். தஞ்சாவூரில் ஒரு பெரியவர் காந்தம் இறக்கிக் கொடுத்தார். "முழுசாகக் கழற்றுவீர்களா" என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்படித்தானே செய்ய வேண்டும்" என்றார். அவரிடமே சர்வீசுக்குக் கொடுத்தேன். டயலைத் தொடவில்லை. இப்போது ஒரு நாளைக்கு 25 நொடி பின்தங்குகிறது. பின்மூடியின் உள்பக்கம் பென்சிலால் கீறிய மாதிரி மூன்று தேதிகள் இருந்தன என்று காட்டினார். ஒவ்வொரு தடவை சர்வீஸ் செய்தவரும் எழுதி வைப்பாராம். கடைசித் தேதி 1996. அதற்குக் கீழே அவரும் எழுதினார்.

ரேடியோ வால்வுகள்: ஈசிஎச் 81, ஈஎப் 89, ஈபிசி 81, ஈஎல் 84, ஈஇசட் 80. பச்சைக் கண் ஈஎம் 80. எல்லாம் 'ஈ'. கும்பகோணத்திலேயே ஆம்ப்ளிபயர் செய்கிற ஒருவர் ஒப்புக்கொண்டார். ஒன்பது கண்டென்சர் மாற்றினார். கழற்றியவற்றை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார், ஒன்றில் மெழுகு வழிந்து கரப்பான் இறகு ஒட்டியிருந்தது. குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. முக்கால் நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் கண் மெதுவாகப் பச்சையானது. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். திருச்சி 936 கிடைத்தது.

இரண்டு சந்தேகம். ராத்திரி ஏழு மணிக்கு மேல் கரகரவென்று இரைச்சல் திருச்சியையே அமுக்கிவிடுகிறது. பகலில் அவ்வளவு இல்லை. அப்புறம், குமிழைத் திருப்பினால் ஸ்டேஷன் மாறுகிறது, ஆனால் டயலில் முள் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

---

மீடியம்வேவ் எழுதியது:

தம்பி, படித்துவிட்டு என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். ரொம்ப சந்தோஷம்.

இரைச்சல் செட்டினுடையதாக இருக்காது. ஏழு மணிக்கு வீட்டில் எல்இடி பல்புகள் எரிகின்றன, செல்போன் சார்ஜர், டிவி, இன்வெர்ட்டர் எல்லாம் வேலை செய்கின்றன. மீடியம் வேவ் இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், திருடன் கிடைத்துவிடுவான். என் வீட்டில் அது பூஜை அறையில் இருந்த ஒரு சீரியல் லைட். அப்புறம், சுவரோரமாக வைத்த செட்டைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னால் ஏரியல் என்று எழுதிய ஓட்டையில் பதினைந்து இருபது அடி ஒயரைச் சொருகி, ஜன்னல் வழியே மாடிக்குக் கொண்டு போங்கள். வீட்டு ஒயரிங்குக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. மழை இடி என்றால் கழற்றிவிடுங்கள்.

ஸ்டேஷன் மாறுகிறது, முள் மட்டும் நிற்கிறது என்றால், குமிழ் திரும்பும்போது முள்ளை இழுக்கிற நூல் இன்னும் அறுந்துபோகவில்லை, முள்ளைக் கவ்வியிருக்கிற இடத்தில் வழுக்குகிறது. முள் ஓடுகிற தண்டில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கும். காய்ந்த துணியால் தண்டைத் துடைத்துவிட்டு, முள்ளை நூலோடு சேர்த்துக் கவ்வச் சொல்லுங்கள். 936 பாடும்போதே அந்த இடத்தில் முள்ளை வைத்துக் கவ்வினால் மற்ற ஊர்களும் அதனதன் இடத்தில் வந்துவிடும். நூலை மாற்ற வேண்டி வந்தால், கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கப்பியை எத்தனை சுற்று சுற்றி வந்தது என்பதை அப்புறம் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும். தையல் நூல் வேண்டாம், நீளும். மீன்பிடிக்கிற பின்னல் நூல் மெல்லியதாகக் கேட்டு வாங்குங்கள்.

டப்பாவில் இருந்த அந்த ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்திருக்கிறதா, எத்தனை இஞ்ச் என்று ஒரு போட்டோ போடுங்கள். அது அந்த செட்டோடு வந்த ஸ்பீக்கராக இருந்தால் சரிசெய்து உள்ளேயே திரும்ப மாட்டிவிடலாம்.